மசாஜ் மேசையைச் சுற்றி: தெரபிஸ்டின் தொழில் நெறியும் வருபவரின் பொறுப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாக மசாஜ் செய்துவருகிறேன், சிலருக்குக் கற்றும் கொடுக்கிறேன். பயிற்சிக்கு வரும் இளையவர்கள் கேட்பதும், மேசையில் படுப்பதற்கு முன் வருபவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அதனால் இரு தரப்புக்கும் சேர்த்தே இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மசாஜுக்கு எதற்குத் தனியாக ஒரு தொழில் நெறி?

மேசையில் படுத்திருப்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். குப்புறப் படுத்திருக்கிறார். முகம் மேசையின் ஓட்டைக்குள் இருக்கிறது. உடம்பில் பெரும்பகுதி துணி இல்லை. மூக்குக்கண்ணாடி, போன், செருப்பு எல்லாம் கைக்கு எட்டாத தூரத்தில். அடுத்து கை எங்கே வரப்போகிறது என்பது அவருக்குத் தெரியாது, நமக்கு மட்டும்தான் தெரியும். கீழே சொல்லியிருக்கும் விதிகளில் எதை எடுத்தாலும், அது இந்த ஏற்றத்தாழ்வில் இருந்துதான் முளைத்திருக்கும்.

இது புதிய கவலையும் இல்லை. மசாஜ் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் வேறு தொழில் நடக்கிறது என்று 1894-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் எழுதியபோது அங்கே பெரிய சர்ச்சையே கிளம்பியது. அதே ஆண்டு நான்கு பெண்கள் சேர்ந்து, முறையாகப் பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். டாக்டர் சொல்லாமல் மசாஜ் செய்யக்கூடாது, டாக்டர் குறிப்பாகக் கேட்டாலொழிய ஆண்களுக்கு உடல் முழுக்க மசாஜ் கூடாது, மருத்துவ இதழ்கள் தவிர வேறெங்கும் விளம்பரம் கூடாது, வருபவரிடம் மருந்து விற்கக்கூடாது – இவைதான் அவர்களுடைய ஆரம்ப விதிகள். அந்தச் சங்கம்தான் பிற்பாடு பிரிட்டனின் பிசியோதெரபிஸ்டுகள் சங்கமாக வளர்ந்தது. ஆண், பெண் பற்றிய விதி காலாவதியாகிவிட்டது. மருந்து விற்காதே என்பதை மட்டும் இன்றைக்கும் பல இடங்களில் சுவரில் எழுதி மாட்டலாம் என்று எனக்குத் தோன்றும்.

முதல் தடவை போகிறேன். எதற்கு இத்தனை கேள்விகள் கேட்கிறார்கள்? தோள் வலிக்கு வந்தால் சர்க்கரை நோயைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்?

சர்க்கரை நோய் நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோகும். நான் எவ்வளவு அழுத்துகிறேன் என்பது உங்களுக்கே தெரியாது. "வலிச்சா சொல்லுங்க" என்று நான் சொல்வதற்கு அப்புறம் அர்த்தமே இல்லை. இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருந்தால், அன்று ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக்கூடாது. மருந்து உடம்பில் சீக்கிரம் ஏறிவிடலாம். எலும்பு மெலிந்தவருக்கு விலா எலும்பின் மேல் முழங்கையை வைத்து அழுத்தினால் உடைந்துவிடும் ஆபத்து உண்டு. பாதாம் ஒத்துக்கொள்ளாதவருக்குப் பாதாம் எண்ணெய் தடவினால் தோல் தடித்துவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் இப்படி ஏதோ ஒரு காரணம் இருக்கிறது.

வருபவரின் முதல் பொறுப்பே இங்கேதான் வருகிறது: கேட்டதற்கு உண்மையைச் சொல்வது. வேண்டுமென்று யாரும் மறைப்பதில்லை என்பது என் அனுபவம். இதைப் போய் எதற்குச் சொல்வானேன் என்று விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். என்னிடம் வந்த ஒரு அம்மா, படிவத்தில் "ஏதேனும் மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா?" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதிவிட்டார். நானும் வழக்கம்போல நன்றாக அழுத்தித்தான் செய்தேன். மறுநாள் போன் வந்தது, முதுகெல்லாம் நீலம் பாரித்திருக்கிறதாம். விசாரித்தால், ரத்தம் உறையாமல் இருக்க இதய டாக்டர் கொடுத்த மாத்திரையை ஆறு வருடமாக விழுங்கிவருகிறார். "அது தினமும் போடறதுதானேம்மா, மருந்துன்னா காய்ச்சலுக்குப் போடறதுன்னு நினைச்சேன்" என்றார். அவர் மேல் தப்பில்லை, என் கேள்விதான் சரியில்லை. அதிலிருந்து நான் "மருந்து எடுக்கிறீர்களா" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இன்று காலையில் என்னென்ன மாத்திரை விழுங்கினீர்கள்? நேற்று ராத்திரி?" என்று கேட்கிறேன். பதில் வேறு மாதிரி வருகிறது.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாரே, அதுவே சம்மதம்தானே?

இல்லை. கையெழுத்து ஒரு தொடக்கம், அவ்வளவுதான். முதுகுக்குச் சம்மதித்தவர் வயிற்றுக்கும் சம்மதித்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. பிட்டத்துத் தசை, உள்தொடை, மார்புப் பக்கத் தசை மாதிரி இடங்களில் வேலை செய்ய வேண்டியிருந்தால், எதற்காக, எப்படி, எவ்வளவு நேரம் என்று சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். கேட்பதையும் அவர் உட்கார்ந்திருக்கும்போதே, உடையோடு இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. குப்புறப் படுத்த பிறகு கேட்டால் முக்கால்வாசிப் பேர் சங்கடப்பட்டு "ம்" என்றுதான் சொல்வார்கள். அந்த "ம்"மை நம்பாதீர்கள். பிறப்புறுப்பைத் தொடுவதற்கு மசாஜில் இடமே கிடையாது, சம்மதம் கேட்கும் பேச்சுக்கே வேலையில்லை.

சம்மதித்தவர் பாதியில் வேண்டாம் என்று சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. "போதும்" என்ற ஒரு சொல் வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும்.

எவ்வளவு உடை கழற்ற வேண்டும்?

உங்களுக்கு எது சங்கடமில்லையோ அவ்வளவு. உள்ளாடையோடு படுக்கலாம், முழு உடையோடும் படுக்கலாம். உடையோடு இருந்தால் எண்ணெய் இல்லாமல் செய்யும் முறைகளைத் தெரபிஸ்ட் பயன்படுத்துவார். உடை மாற்றும்போது தெரபிஸ்ட் அறையில் இருக்கக்கூடாது. திரும்பி வரும்போது கதவைத் தட்டி, பதில் வந்த பிறகுதான் நுழைய வேண்டும்.

மேசையில் படுத்த பிறகு, வேலை நடக்கும் இடம் மட்டும் திறந்திருக்கும், மற்றதெல்லாம் துணிக்குள். இடது கால் முடிந்ததும் அதை மூடிவிட்டுத்தான் வலது காலைத் திறக்க வேண்டும். இதில் கை தேர்ந்தவரா இல்லையா என்பது ஆளைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது தெரிந்துவிடும். போர்வையின் இந்தப் பக்க விளிம்பைத் தன் தொடையால் மேசையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, அந்தப் பக்க விளிம்பைக் கையால் லேசாகத் தூக்கிப் பிடித்து, பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "மெதுவாகத் திரும்புங்கள்" என்று சொல்ல வேண்டும். கூடாரம் மாதிரி நிற்கும் துணிக்குள்ளேயே அவர் புரண்டு படுத்துவிடுவார். ஒரு கணம்கூட வெளியே தெரியாது. பயிற்சிக்கு வருபவர்களை நான் முதல் வாரம் முழுக்க இதையேதான் செய்யவைப்பேன். அலுத்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

வலித்தால்தான் பலன் என்கிறார்களே?

தவறு. பூஜ்யம் முதல் பத்து வரை வலிக்கு மதிப்பெண் போடச் சொன்னால், ஐந்தாறுக்கு மேல் போகவே வேண்டாம். அதற்கு மேல் போனால் தசை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இறுகிக்கொள்ளும். தளர்த்துவதற்காகச் செய்கிற வேலையே வீணாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது வருபவரின் கடமை இல்லை, சொல்வதுதான் கடமை. அப்படியும் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத் தெரபிஸ்ட் காலைப் பார்க்க வேண்டும். முகம் தெரியாவிட்டாலும் கால் விரல்கள் மடங்குவதும், மூச்சு நின்று நின்று வருவதும், கை பொத்திக்கொள்வதும் தெரியும்.

எப்போது மசாஜ் செய்யவே கூடாது?

காய்ச்சல் இருக்கும்போது. படர்தாமரை, சிரங்கு மாதிரி தொற்றும் தோல் நோய் இருக்கும்போது. ஆறாத காயம், தீப்புண், புதிதாக உடைந்த எலும்பு, அண்மையில் அறுவைசிகிச்சை செய்த இடம் – இவற்றின் மேல் எப்போதும் கூடாது. கழுத்தின் முன்பக்கவாட்டில் கரோடிட் ரத்தக்குழாய் ஓடுகிறது. அங்கே அழுத்தினால் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். முழங்காலின் பின்குழியிலும் ஆழமாக அழுத்தக்கூடாது.

இவற்றில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆளைக் கொல்லக்கூடியது அதுதான். காலின் ஆழத்தில் இருக்கும் ரத்த நாளத்தில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்பது. அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. சிக்கல் என்னவென்றால், வருபவருக்கு அது வெறும் கெண்டைக்கால் பிடிப்பு மாதிரிதான் தெரியும், "அந்த இடத்தை மட்டும் நல்லா அழுத்தி விடுங்க" என்றுதான் கேட்பார். அப்படி ஒருவர் என்னிடம் வந்தார். நீண்ட விமானப் பயணம் முடித்து மூன்று நாள் ஆகியிருந்தது. இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டச் சொன்னேன். ஒன்று மற்றதைவிட வீங்கியிருந்தது, புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடாகவும் இருந்தது. மசாஜ் செய்யவே இல்லை. "இன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்" என்று அனுப்பிவிட்டேன். அவருக்கு என் மேல் கோபம்தான்.

ஒரு கால் மட்டும் வீக்கம், சூடு, வலி, சிவப்பு என்று இருந்தால் ரத்தக் கட்டியைச் சந்தேகப்பட வேண்டும். அண்மையில் அறுவைசிகிச்சை, நீண்ட படுக்கை, நீண்ட பயணம், பிரசவம் என்று ஏதாவது இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் ஆம்புலன்ஸ்தான்.

புற்றுநோய் இருப்பவருக்கு மசாஜ் செய்தால் நோய் பரவிவிடுமா?

முன்பு அப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள், பழைய தெரபிஸ்டுகள் சிலர் இன்னும் சொல்கிறார்கள். மசாஜினால் புற்றுநோய் பரவுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. மருத்துவமனைகளிலேயே நோயாளிகளுக்கு மென்மையான மசாஜ் தருகிறார்கள். அதற்காக எப்படி வேண்டுமானாலும் செய்யலாம் என்றில்லை. கட்டி இருக்கும் இடத்திலும் கதிர்வீச்சு கொடுத்த தோலிலும் கை வைக்கக்கூடாது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் லேசான அழுத்தத்துக்கே ரத்தம் கட்டிக்கொள்ளும். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவருக்கு அந்தக் கையில் ஆழமாக அழுத்தினால் நீர் கோர்த்து வீங்கலாம். சிகிச்சை தரும் டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்கக்கூடாது. இதற்கென்று தனிப் பயிற்சியும் உண்டு. அது இல்லாதவர் "எனக்குத் தெரியாது, தெரிந்தவரிடம் அனுப்புகிறேன்" என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

கர்ப்பிணிகளுக்கு?

செய்யலாம், டாக்டர் சரி என்றால். சுமார் 20 வாரத்துக்கு மேல் நெடுநேரம் மல்லாந்து படுக்கவைக்கக்கூடாது. கருப்பை பெரிய ரத்த நாளத்தை அழுத்தித் தலைசுற்றல் வரும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வயிற்றுக்கும் முழங்கால்களுக்கு நடுவிலும் தலையணை கொடுங்கள். கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் தன்மை கூடியிருப்பதால் காலில் ஆழமான அழுத்தம் வேண்டாம்.

"உங்களுக்கு டிஸ்க் விலகியிருக்கு" என்று தெரபிஸ்ட் சொல்லலாமா?

சொல்லக்கூடாது. விரலுக்கு ஸ்கேன் கண் கிடையாது. கையில் தெரிந்ததைச் சொல்லலாம்: "இடுப்பின் வலது பக்கம் தசை இறுக்கமாக இருக்கிறது, இங்கே தொட்டால் கால் வரைக்கும் இழுக்கிறது என்கிறீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்." நோய்க்குப் பெயர் வைப்பதும், மாத்திரையை நிறுத்தச் சொல்வதும், சத்து மாத்திரை டப்பாவை எடுத்து நீட்டுவதும் நம் வேலை இல்லை.

அதே சமயம், பார்த்ததைச் சொல்லாமல் விடுவதும் தப்பு. ஒருவருடைய முதுகை அவரைவிட அதிகம் பார்ப்பவர் மசாஜ் செய்பவர்தான். இரண்டு பாதியும் ஒத்துப்போகாத, ஓரம் கிழிந்தாற்போன்ற, ஒரே மச்சத்துக்குள் பல நிறம் கொண்ட, 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான அல்லது சமீபத்தில் மாறியிருக்கும் மச்சம் என்றால், "தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம் இருக்கிறது, தெரியுமா? தோல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்" என்று சொன்னால் போதும். புற்றுநோய் என்ற வார்த்தையை எடுக்க வேண்டாம்.

மசாஜ் உடம்பில் உள்ள நச்சையெல்லாம் வெளியேற்றுமாமே?

அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. உடற்பயிற்சிக்குப் பின் தசையில் சேரும் லாக்டிக் அமிலத்தை மசாஜ் கரைக்கும் என்பதும் அப்படித்தான். அது சுமார் ஒரு மணி நேரத்தில் தானாகவே இறங்கிவிடும். இறுக்கம் தளரும், தூக்கம் நன்றாக வரும், வலி கொஞ்ச காலத்துக்குக் குறையும். இவ்வளவு சொல்லி விளம்பரம் செய்தாலே ஆள் வருவார்கள்.

மேசையில் இருக்கும்போது ஆண்களுக்கு உடல் எழுச்சி ஏற்பட்டால்? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கேட்டது நல்லது. உடம்பு தளரும்போது நினைக்காமலே அப்படி நேரலாம், எழுச்சி மட்டும் குற்றமில்லை. தெரபிஸ்ட் கண்டுகொள்ளாமல், வேலை செய்யும் இடத்தை மாற்றலாம், குப்புறப் படுக்கச் சொல்லலாம், பேச்சுக் கொடுக்கலாம். பெரும்பாலும் அடங்கிவிடும்.

உடம்பு தானாகச் செய்வது வேறு, ஆள் செய்வது வேறு. வேறு மாதிரி சேவை உண்டா என்று கேட்பது, தன்னைத் தொட்டுக்கொள்வது, தெரபிஸ்டைத் தொடப் பார்ப்பது, துணியை விலக்குவது – இங்கே சமாளித்துப் பார்ப்போம் என்ற பேச்சே இல்லை. கையை எடுங்கள், இரண்டடி பின்னால் போங்கள், "மசாஜ் இத்தோடு முடிந்தது. நான் வெளியே போகிறேன், உடை மாற்றிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள். சிரித்து மழுப்ப வேண்டாம். சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் ஆட்கள் உண்டு. நடந்ததை நேரத்தோடு எழுதி வையுங்கள்.

தெரபிஸ்டே தவறாக நடந்தால்?

நிறுத்தச் சொல்லுங்கள். எழுந்து உடை மாற்றிக்கொண்டு வெளியே வாருங்கள். இது மசாஜின் ஒரு பகுதியோ என்று சந்தேகமாக இருந்தாலும் நிறுத்தச் சொல்லலாம். உங்களுக்குச் சொல்லாமல், கேட்காமல் நடந்தது என்றால் அது சரியில்லை என்பதற்கு அதுவே போதும். அப்புறம் நிர்வாகம், உரிமம் தரும் அமைப்பு, போலீஸ் – நடந்ததன் தீவிரத்தைப் பொறுத்து எங்கே போவது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். அன்றைக்கே தேதி, நேரம், நடந்தது எல்லாவற்றையும் எழுதி வைத்தால் பிற்பாடு உதவும்.

வருபவரோடு நட்பு, காதல் வைத்துக்கொள்ளலாமா?

காதல் கூடவே கூடாது, இருவருக்கும் விருப்பம் என்றாலும்கூட. அமெரிக்காவில் மசாஜ் தெரபிஸ்டுகளுக்குச் சான்றிதழ் தரும் தேசிய வாரியம், மசாஜ் உறவு முடிந்து குறைந்தது 6 மாதம் ஆக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. அதைவிட நீண்ட இடைவெளி கேட்பவர்களும் உண்டு, நான் அவர்கள் கட்சி.

நட்பு கொஞ்சம் சிக்கலானது. வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுவார்கள், கடன் கேட்பார்கள், நிலம் வாங்கலாமா என்று யோசனை கேட்பார்கள். நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: நாளைக்கு இவரிடம் "உங்களுக்கு மசாஜ் வேண்டாம், டாக்டரிடம் போங்கள்" என்று தயங்காமல் என்னால் சொல்ல முடியுமா? முடியாது என்றால் உறவு எல்லை தாண்டிவிட்டது. சின்னப் பரிசுகளை நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளலாம், நகை தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மசாஜின்போது அழுகை வந்துவிட்டது. அவமானமாக இருந்தது.

நிறையப் பேருக்கு வரும். தெரபிஸ்ட் கையை எடுக்காமல் அப்படியே அசையாமல் வைத்திருந்து, "தொடரலாமா, நிறுத்தலாமா?" என்று மட்டும் கேட்டால் போதும். ஏன் அழுகிறீர்கள் என்று தோண்டுவதற்கு நாம் மனநல ஆலோசகர்கள் இல்லை.

சொன்னதெல்லாம் வெளியே போகாதே?

போகக்கூடாது. உங்கள் கணவர் அடுத்த வாரம் வந்தாலும் நீங்கள் வந்ததையே நான் சொல்லக்கூடாது. கடைத்தெருவில் பார்த்தால்கூட, நீங்கள் முதலில் பேசினால்தான் பேசுவேன். எழுதி வைக்கும் குறிப்புகளில் நீங்கள் சொன்னது, நான் கண்டது, செய்தது, அடுத்த முறைக்கான திட்டம் இந்த நான்கும்தான் இருக்கும். அவை பூட்டிய இடத்தில் இருக்கும். உயிருக்கு ஆபத்து, குழந்தை துன்புறுத்தப்படுவது போன்றவற்றில் மட்டும் சட்டம் சொல்கிறபடி நடக்க வேண்டியிருக்கும்.

சிறுவர்களுக்குச் செய்யலாமா?

பெற்றோர் எழுத்தில் சம்மதம் தந்து, அறையில் உடனிருந்தால் செய்யலாம். பிள்ளை வேண்டாம் என்றால், பெற்றோர் சரி என்றாலும் வேண்டாம்.

சுத்தம் விஷயத்தில் யார் என்ன செய்ய வேண்டும்?

தெரபிஸ்ட்: ஒவ்வொருவருக்கும் முன்னும் பின்னும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும், ஒவ்வொருவருக்கும் புது விரிப்பு, முகம் வைக்கும் வளையத்துக்கும் புதுத் துணி. எண்ணெய்க் கிண்ணத்தில் விரலை விட்டு விட்டு எடுக்காமல் பம்ப் வைத்த பாட்டிலில் இருந்து எடுக்க வேண்டும். வருபவர்: குளித்துவிட்டு வந்தால் போதும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டோ குடித்துவிட்டோ வர வேண்டாம். குடித்திருந்தால் வலி சரியாகத் தெரியாது, சம்மதமும் செல்லாது, திருப்பி அனுப்பிவிடுவேன்.

இருபது நிமிடம் தாமதமாக வந்தால் முழு நேரமும் கிடைக்குமா?

கிடைக்காது, அடுத்தவர் காத்திருப்பார். வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். தாமதம் தெரபிஸ்டுடையது என்றால் உங்களுக்கு முழு நேரமும் தர வேண்டும், இல்லாவிட்டால் கட்டணத்தைக் குறைக்க வேண்டும்.

தெரபிஸ்டுக்கே கை வலி. அன்றைக்கு வேலையை ரத்து செய்வது நெறியா?

ரத்து செய்வதுதான் நெறி. கட்டைவிரல் மூட்டுத் தேய்ந்துபோய் இந்தத் தொழிலை விட்டவர்கள் ஏராளம். வலிக்கிற கையால் அழுத்தும்போது அளவு தெரியாது. காய்ச்சலோடு வேலைக்கு வருவதும் அப்படித்தான்.

தவறிப்போய் ஒருவருக்குக் காயம் ஏற்படுத்திவிட்டால் என்ன செய்வது?

மறைக்காதீர்கள், "அது சகஜம், நச்சு வெளியே வருது" என்று கதை விடாதீர்கள். நீலம் பாரித்த முதுகோடு போன் செய்த அந்த அம்மாவிடம், நான் செய்த அழுத்தத்தால்தான் அது வந்தது, மாத்திரையைப் பற்றி நான் சரியாகக் கேட்கவில்லை என்று சொன்னேன். அன்றைக்கே இதய டாக்டரிடம் காட்டச் சொன்னேன், கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், நடந்ததை அவருடைய குறிப்பில் எழுதினேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் நானே கூப்பிட்டு விசாரித்தேன். இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார், டாக்டரின் சம்மதக் கடிதத்தோடு. கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசை மேல் வரிசையாக அடுக்கினார். மொத்தம் ஏழு இருந்தன.